மொத்தம் சரியாத்தான் இருக்கு, ஆள் மாறிப்போச்சு

பேங்கில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். வருஷக் கடைசியில் ஒரு கிளையின் மொத்த டெபாசிட் போன வருஷத்தைப் போலவே இருந்தால் மேலிடம் கேள்வி கேட்காது. உள்ளே புரட்டிப் பார்த்தால் ஐநூறும் ஆயிரமுமாகப் போட்டு வைத்திருந்த கீரைக்காரம்மா, தறிக்காரர், பால்காரர் எல்லாரும் கணக்கை முடித்துக்கொண்டு போயிருப்பார்கள். அந்த இடத்தை ரெண்டு பெரிய கணக்கு நிரப்பியிருக்கும். மொத்தம் அப்படியே இருக்கும், கிளை வேறாகிப் போயிருக்கும். இந்த மாதிரிக் கணக்குகளைப் பார்த்தே வயசானவன் நான். அதனால், பவளப்பாறை மீன்களைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்றைப் படித்தபோது எனக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை.

ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையோரமாக நீண்டு கிடக்கிறது கிரேட் பேரியர் ரீஃப். அங்கே டேவிட் பெல்வுட் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய கூட்டாளிகளும் 12 வருஷ காலம், வருஷம் தவறாமல், பாறையின் இண்டு இடுக்கில் ஒளிந்து வாழும் பொடி மீன்களைக் கணக்கெடுத்தார்கள். நடுவில் 1998 வந்தது. உலகம் முழுக்கக் கடல் சூடேறி, பவளங்கள் வெளுத்துச் செத்த வருஷம். அதற்கு முன்னும் பின்னும் எடுத்த கணக்கை ஒப்பிட்டார்கள். மீன்களின் எண்ணிக்கை குறையவில்லை. எத்தனை வகை என்ற கணக்கும் குறையவில்லை. ‘அப்பாடா, ஒண்ணும் ஆகலை’ என்று அதோடு கோப்பை மூடியிருக்கலாம். அவர்கள் பேர் பேராகப் பார்த்தார்கள். கூட்டமே மாறியிருந்தது. உயிருள்ள பவளத்தை நம்பி இருந்தவை போய், எங்கேயும் பிழைத்துக்கொள்ளும் மீன்கள் வந்து உட்கார்ந்திருந்தன. அந்தப் பொடி மீன்களின் ஆயுசு குறைவு. பல தலைமுறை கடந்த பிறகும் பழைய கூட்டம் திரும்பவில்லை.

நம் பத்திரிகையில் கடல் மீனுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். நம்மில் பாதிப் பேர் பாட்டிலில் வாங்கித் தெளிக்கும் ஒரு சாமான் வரைக்கும் இந்தப் பேச்சு வரும்.

முதலில் பவளம் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன், பலர் அதைக் கல் என்றே நினைக்கிறார்கள். அது பிராணி. ஊசிமுனை அளவுள்ள உயிர்கள் கோடிக்கணக்கில் சேர்ந்து, தாங்களே சுண்ணாம்பைச் சுரந்து வீடு கட்டிக்கொண்டு வாழ்கின்றன. அவற்றின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. பாசி வெயிலில் உணவு தயாரித்துப் பவளத்துக்குக் கொடுக்கும். பவளம் தன் கழிவைப் பாசிக்குக் கொடுக்கும். பயறுவகை வேரில் முடிச்சு போட்டிருக்கிற ரைசோபியத்துக்கும் செடிக்கும் இருக்கிற கொடுக்கல் வாங்கல் மாதிரி. தண்ணீர், கோடையின் வழக்கமான உச்சச் சூட்டைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரம் நின்றாலே போதும், இந்த உறவு முறிந்துவிடும். பாசி வெளியேறும், நிறம் போகும், வெள்ளை எலும்பு தெரியும். சீக்கிரம் சூடு தணிந்தால் பிழைக்கும். இல்லையென்றால் பட்டினியில் சாகும்.

பவளத்திலும் நூற்றுக்கணக்கான வகை உண்டு. மூளை மாதிரி உருண்டையாக வளருவது, தட்டு மாதிரி விரிவது, மான் கொம்பு மாதிரிக் கிளைப்பது. கிளைக்கும் வகைகளில் அக்ரோபோரா என்ற குடும்பம்தான் பெரிசு. வேகமாக வளரும், நிறைய நிழலும் இடுக்கும் கொடுக்கும். வெப்பத்துக்கு முதலில் செத்துப்போவதும் பெரும்பாலும் அதுதான்.

அந்த அக்ரோபோராக் கிளைகளுக்குள் உளுவை இனத்தைச் சேர்ந்த ஒரு சின்ன மீன் கூட்டம் வாழ்கிறது. கோபியோடான் என்று பெயர். ஆள்காட்டி விரலின் ரெண்டு கணு நீளம்தான் இருக்கும். ஆணும் பெண்ணுமாக ஒரு பவளப் புதரைப் பிடித்துக்கொண்டால் அங்கேயே முட்டை, அங்கேயே குடும்பம். இந்தக் கூட்டத்துக்குள்ளேயே குணம் வேறுபடுகிறது. சில வகைகள் பலவிதமான அக்ரோபோராவில் குடியிருக்கும். சில வகைகளுக்கு ஒன்றோ ரெண்டோ பவள வகைதான் சம்மதம். மற்றதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

பிலிப் மண்டே என்ற ஆராய்ச்சியாளர் பப்புவா நியூ கினியில் கிம்பே விரிகுடா என்ற இடத்தில் இந்த உளுவைகளைப் பின்தொடர்ந்தார். அங்கே பவளம் குறைந்துகொண்டே வந்த காலம் அது. 2004-ல் அவர் எழுதியதன் சாரம் இதுதான்: பவளம் குறைந்தபோது எல்லா உளுவையும் குறைந்தன. ஆனால் ஒரே வீட்டை நம்பியிருந்தவை, பல வீடு வைத்திருந்தவற்றைவிட அதிக விகிதத்தில் குறைந்தன. அதோடு, ஒரே வீட்டை நம்பியவை ஆரம்பத்திலிருந்தே சொற்ப எண்ணிக்கையில்தான் இருந்தன. ஆக அடி ரெண்டு பக்கமும் விழுகிறது. கையிருப்பும் கம்மி, கரைகிற வேகமும் ஜாஸ்தி.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பாருங்கள். விளக்குவதற்காக நான் போடுகிற எண், அவருடைய எண் இல்லை. எந்தப் பவளத்திலும் வாழ்கிற மீன் ஆயிரம் இருக்கிறது, ஒரே பவளத்தில் வாழ்கிற மீன் நாற்பது இருக்கிறது என்று வையுங்கள். முதலாவது பாதியாகக் குறைந்தால் ஐநூறு மிச்சம். ரெண்டாவது பத்தில் ஒன்றாகக் குறைந்தால் நாலு மிச்சம். அந்த நாலும் ஒரே இடத்தில் இருக்காது. விரிகுடாவில் மூலைக்கு ஒன்றாகக் கிடக்கும். ஜோடி சேரவே வழியில்லை. மொத்தக் கணக்கு எடுப்பவருக்கு 1040, 504 ஆனது தெரியும். ‘பாதி போச்சு, பாதி இருக்கு’ என்று எழுதுவார். ஒரு இனமே முடிந்துபோனது அந்தக் கணக்கில் ஏறவே ஏறாது. மண்டே பார்த்ததில் ஒரு வகை அந்த இடத்தை விட்டே மறைந்தது. இன்னொரு வகை உலகத்திலிருந்தே மறைகிற விளிம்புக்குப் போனது.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். எங்கள் பக்கத்தில் டீக்கடைப் பேச்சில் இதைச் சொன்னபோது ஒருத்தர் கேட்டார்: “ஒரே வீட்டைப் பிடிச்சுக்கிட்டு அந்த மீன் ஏங்க வீம்பு பண்ணணும்? நாலு இடம் பார்த்து வைக்க வேண்டியதுதானே?” கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது வீம்பு இல்லை. மண்டேயே இன்னொரு ஆராய்ச்சியில் அதைக் காட்டியிருக்கிறார். ஹிஸ்ட்ரியோ என்ற உளுவை, அக்ரோபோரா நசூட்டா என்ற தனக்குப் பிடித்த பவளத்தில் இருக்கும்போது நன்றாக வளருகிறது, நன்றாகப் பிழைக்கிறது. வேறு பவளத்தில் விட்டால் வளர்ச்சி மட்டுப்படுகிறது. நல்ல வீட்டை வலுத்தவன் பிடித்துக்கொள்ள, மற்றவன் கிடைத்ததில் ஒண்டிக்கொள்கிறான். ஒரு சுழலுக்குள், ஒரு கிளை இடைவெளிக்குள் பொருந்திப்போக எத்தனையோ ஆயிரம் தலைமுறை பிடித்திருக்கும். வீடு நிலையாக இருந்த காலம் முழுக்க அதுதான் கெட்டிக்காரத்தனம். வீட்டை நாம் பத்து வருஷத்தில் இடித்துவிட்டு, ‘மாறத் தெரியாத மீன்’ என்று குறை சொல்வது சரியில்லை. உப்பு நிலத்தில் தலைமுறை தலைமுறையாகப் போட்டு வந்த குழியடிச்சான் நெல்லைப் பார்த்து, ‘நல்ல நிலத்தில் உனக்கு விளைச்சல் போதாது’ என்று சொல்லிக் கழித்துக் கட்டினார்களே, அதே நியாயம்தான் இது.

வீடு மட்டுமில்லை, சாப்பாட்டிலும் இப்படி உண்டு. நம் மீனவர்கள் கிளாத்தி என்பார்களே, அந்த வகையறாவில் ஆரஞ்சுப் புள்ளி போட்ட ஒரு அழகான சின்ன மீன் இருக்கிறது. வாய் இடுக்கி மாதிரிக் குவிந்திருக்கும். அக்ரோபோராப் பவளத்தின் உயிர்களை ஒவ்வொன்றாகக் கொறிப்பதைத் தவிர வேறு பிழைப்பு அதற்கு இல்லை. ஜப்பானின் ஓகினாவாவில் 1998 வெப்பத்தில் பவளம் செத்தபோது இந்த மீனை அங்கே நேரடியாகக் கண்காணித்தார்கள். பவளம் போனது, கொஞ்ச காலத்தில் அந்த இடத்திலிருந்து இந்த மீனும் போனது. அதே கடலில் பாசி மேய்கிற மீன்களுக்கு அது நல்ல காலம். செத்த பவளத்தின் மேல் பாசி படருமே.

மீன்கள் போகிற வரிசையையும் கவனிக்க வேண்டும். பவளத்தைத் தின்பவை முதலில் போகும். உயிருள்ள பவளத்தில் குடியிருப்பவை அடுத்து. ஆனால் செத்த பவளத்தின் எலும்புக்கூடு உடனே விழாது. சில வருஷம் நிற்கும். வெறும் மறைவிடம் மட்டும் தேவைப்படும் மீன்கள் அந்தக் கூட்டில் ஓட்டிக்கொண்டிருக்கும். அலையும் துளைக்கும் புழுக்களும் சேர்ந்து ஒருநாள் அதை நொறுக்கும். அப்போதுதான் மூன்றாவது அலை. செஷல்ஸ் தீவுகளில் 1998-ல் பவளத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழிந்தது. மீன்களில் சேதத்தின் ஒரு பகுதி தெரிய வந்ததே வருஷங்கள் கழித்து, கூடு இடிந்த பிறகுதான். கடன்காரர் நொடித்துப்போன தேதியும் பேங்க் அந்தக் கடனை வாராக்கடன் என்று எழுதுகிற தேதியும் ஒன்றில்லை என்பது தெரிந்த எனக்கு இதில் ஆச்சரியமில்லை. நடுவில் இருக்கிற அந்த நாட்களில்தான் எல்லாரும் ‘பரவாயில்லையே, தாங்குதே’ என்று பேசுவார்கள்.

இனி, நம்மை நேராகத் தொடுகிற விஷயம். அதே கிம்பே விரிகுடாவில் ஜெஃப்ரி ஜோன்ஸ் தலைமையில் எட்டு வருஷம் பார்த்த கணக்கு ஒன்று உண்டு, அதுவும் 2004-ல் வந்தது. மீன் பிடிக்கத் தடை போட்ட காப்புப் பகுதிகளையும், பிடிக்க அனுமதி உள்ள பகுதிகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட மீன் வகைகள் குறைந்திருந்தன. பாதி வகைகள் முன்பிருந்ததில் பாதிக்கும் கீழே போய்விட்டன. காப்புப் பகுதியிலும் அதே சரிவு, வெளியிலும் அதே சரிவு. காப்புப் பகுதிக்குள் மீனைப் பிடித்து அழித்தவர் யாருமில்லை. வலை போடவில்லை, தூண்டில் போடவில்லை. வீடு போனது, மீன் போனது. வேலி மீனுக்குப் போட்டிருந்தது, பவளத்தைச் சாகடித்த வெந்நீருக்கும் வண்டலுக்கும் அந்த வேலி தெரியாது.

நம் ஆட்கள் பலர் பேசுவது இந்த வேலிப் பேச்சுதான். ‘என் மூணு ஏக்கரில் விஷம் இல்லை, சர்டிபிகேட் இருக்கு.’ நல்லது, வேண்டியதுதான். விஷம் தெளிக்காமல் இருப்பது மீன் பிடிக்காமல் இருப்பதற்குச் சமம். அந்த மூணு ஏக்கரில் யாருக்கு வீடு இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. வரப்பைச் செதுக்கிச் சுத்தமாக வைத்துவிட்டு, ஓரத்து எருக்கை வேரோடு பிடுங்கிவிட்டு, ஓடைக்கரைப் புதரை டிராக்டர் திரும்புவதற்காக அழித்துவிட்டு, மஞ்சள் பொறியில் எத்தனை பூச்சி விழுந்தது என்று எண்ணிப் பல்லுயிர்ப் பெருக்கம் பேசுகிறோம். மொத்தம் எண்ணினால் எப்போதும் நிறையத்தான் வரும். காக்காயும் மைனாவும் எங்கேயும் இருக்கும். எருக்கும் அதன் உறவுச் செடிகளும் மட்டுமே தின்கிற புழுவின் வண்ணத்துப்பூச்சி எங்கேயும் இருக்காது.

‘அந்த ஒண்ணு போனா என்ன நஷ்டம்?’ என்று கேட்கும் நடைமுறைவாதிகள் நம் இயக்கத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு 2008-ஐ நினைவுபடுத்துகிறேன். கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டியது அப்போதுதான். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, பருத்தி என்று ரெண்டு வருஷம் அது ஆடிய ஆட்டம் மேற்கு மாவட்டத்துக்காரர்களுக்கு மறக்காது. எதையும் தின்கிற பொறிவண்டு நம் வயலில் இல்லாமலா போனது? இருந்தது. போதவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற கடுகளவுக் குளவியைக் கொண்டுவந்து, பெருக்கி விட்டார்கள். அந்தக் குளவிக்குப் பப்பாளி மாவுப்பூச்சியை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. சில மாதத்தில் ஆட்டம் அடங்கியது. ஒரே வேலை தெரிந்தவன் அந்த வேலையை மற்றவனைவிட நன்றாகச் செய்வான். வெளியிலிருந்து பூச்சியைக் கொண்டுவருவதில் ஆயிரம் ஆபத்து உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் இந்தக் குளவி ஆபத்தில்லாமல் போனதற்குக் காரணமே அதன் ஒற்றைப் பிடிவாதம்தான்.

பவளத்திலும் அந்த வேலைக்காரர்கள் உண்டு. பவளக் கிளைக்குள் மட்டுமே வாழ்கிற ஒரு சின்ன நண்டு இருக்கிறது. பவளத்தை மேய்ந்து தீர்க்கும் முள்கிரீட நட்சத்திர மீன் ஏறி வந்தால், தன்னைப்போல் பல மடங்கு பெரிய அந்த எதிரியின் காலைக் கடித்து விரட்டுகிறது. கிளையில் படியும் வண்டலையும் அப்புறப்படுத்துகிறது. இன்னொரு சங்கதி நம்மவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். கரீபியன் கடலில் கிரன்ட் என்ற மீன்கள் ராத்திரியில் கடல்புல் வெளிக்குப் போய் மேயும், பகலில் பவளத்துக்குத் திரும்பி வந்து கூட்டமாக அடையும். அவை கழிக்கும் கழிவில் இருக்கும் தழைச்சத்தும் மணிச்சத்தும் பவளத்துக்குச் சேர்கிறது. மீன் அடையும் பவளம், அடையாத பவளத்தைவிட வேகமாக வளர்ந்ததை 1983-லேயே அளந்து எழுதியிருக்கிறார்கள். சுத்தமான ஆட்டுக்கிடை! அலைந்து மேய்ந்து, வந்து படுத்து, நிலத்துக்குக் கொடுப்பது. கீதாரிகள் ஆடி மாசம் நம் நிலத்தில் செய்வதை அந்த மீன் கடலுக்கடியில் தினம் செய்கிறது.

கடல் சூடேறுவதற்கு முதல் காரணம் நிலக்கரியும் பெட்ரோலும்தான். அதை மறைத்துவிட்டு எல்லாப் பழியையும் உழவன் தலையில் கட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் உழவனுக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. கிரேட் பேரியர் ரீஃப்புக்கு எதிரே, குயின்ஸ்லாந்து கரையில் மைல்கணக்கில் கரும்புக்காடு. யூரியா மழையில் கரைந்து ஆற்றோடு கடலுக்குப் போகிறது. அந்தக் கடலில் சேரும் கரைந்த நைட்ரஜனில் பெரும்பங்கு கரும்பு வயலிலிருந்து வருகிறது என்பதால், 2019-ல் அந்த மாநில அரசு கரும்பு உழவர்களின் உர அளவுக்கே சட்டம் போட்டது. உழவர்கள் எதிர்த்தார்கள், கூட்டம் போட்டார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. விலை கட்டுப்படியாகாத பயிரைப் போடச் சொன்னதும் இதே உலகம்தானே. ஆனால் அடியுரம், மேலுரம் என்று கொட்டினால்தான் கரும்பு என்பது பொய் என்று தெரிந்தவர்கள் நாம். அந்த வகையில் யூரியாவை விட்ட ஒவ்வொருவரும் கடலுக்கும் ஒன்று செய்திருக்கிறோம்.

அடுத்துச் சொல்லப்போவதுதான் சிலருக்குக் கசக்கும். யூரியாவை விட்ட நாம் கடல்பாசித் திரவத்தைப் பிடித்துக்கொண்டோம்.

நமக்கும் பவளம் உண்டு. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், சுற்றிலும் பவளப்பார். சுண்ணாம்புக்காகப் பவளக்கல்லை வருஷக்கணக்கில் வெட்டி ஏற்றியதில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற ரெண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. 1986-ல் தேசியப் பூங்கா ஆனது. 2001-ல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், அதாவது புலிக்கு இருக்கிற பாதுகாப்பு. வெட்டுவது நின்றது. 2010-லும் 2016-லும் வெந்நீர் வந்து வெளுத்துவிட்டுப் போனது. இதற்கிடையில் ஒரு புது விருந்தாளி.

கப்பாபைகஸ் என்ற பாசி. தென்கிழக்கு ஆசியக் கடலைச் சேர்ந்தது, நம் கடலுக்கு அந்நியம். மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கிறார்கள், சீக்கிரம் பெருகும். பச்சையாக அரைத்துப் பிழிந்தால் வருகிற சாறுதான் பயிர் ஊக்கியாக விற்கிறது. சக்கையிலிருந்து ஐஸ்கிரீமுக்கும் பற்பசைக்கும் போகிற கேரஜீனன். கடையில் கிடைக்கும் எல்லாக் கடல்பாசி உரமும் இதிலிருந்து வருவதில்லை. கட்டக்கோரைப் பாசியிலிருந்து வருவதும் உண்டு, வெளிநாட்டுப் பாசித் தூளும் உண்டு. ஆனால் கணிசமானது இதிலிருந்து வருகிறது, லேபிளில் ‘கடல்பாசிச் சாறு’ என்பதோடு நின்றுவிடுகிறது. சான்று பெற்ற இயற்கைப் பண்ணைக்கும் இது அனுமதிக்கப்பட்ட இடுபொருள்தான்.

அலையில் உடைந்த இந்தப் பாசியின் துண்டு, நீரோட்டத்தோடு போய் ஒட்டிய இடத்தில் வளரும். விதையே தேவையில்லை, துண்டு போதும், வேலிக்காத்தானைவிடச் சுலபம். ஹவாயில் 1970-களில் இதைக் கொண்டுபோய் விட்டார்கள். கனியோஹே விரிகுடாவில் பவளத்தின் மேல் மெத்தை மாதிரிப் படர்ந்து மூச்சை அடைத்தது. தண்ணீருக்கடியில் உறிஞ்சும் இயந்திரம் வைத்து அதைப் பிடுங்கி எடுக்க வேண்டியதாயிற்று. நம் குருசடைத் தீவில் கிளைப் பவளத்தின் மேல் இது படர்ந்திருப்பதாக 2008-ல் கரன்ட் சயன்ஸ் இதழில் அறிக்கை வந்தது. எந்தப் பவளம்? அக்ரோபோரா. ஒற்றை வீட்டு மீன்கள் குடியிருக்கிற அதே குடும்பம்.

இதற்கு மறுபக்கம் என்ன சொல்கிறது என்றால், பாசி படர்ந்த பரப்பு மிகச் சின்னது, மொத்தப் பவளப் பரப்பில் அது தூசு. எண் சரியாகவே இருக்கட்டும். கிம்பே விரிகுடாவையும் பெல்வுட்டின் 12 வருஷக் கணக்கையும் படித்த பிறகு, ‘மொத்தத்தில் தூசு’ என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. தூசு அளவு பரப்பில் யார் குடியிருந்தார்கள் என்று எண்ணினீர்களா என்பதுதான் என் கேள்வி. புலிக்குச் சமமான பாதுகாப்பைப் பவளத்துக்குக் கொடுத்துவிட்டு, அதன் தலையில் ஏறுகிற பாசியை ஊக்குவிப்பது எந்த ஊர் நியாயம்? ஒற்றைப் பிடிவாதக் குளவியை வெளியிலிருந்து கொண்டுவந்ததற்கும் எங்கே விட்டாலும் படரும் பாசியைக் கொண்டுவந்ததற்கும் இருக்கிற வித்தியாசத்தை இப்போது பாருங்கள்.

மிதவையில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், மீன்பாடு குறைந்துபோன குடும்பங்கள். அவர்கள் கூலியில் கைவைக்கச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ராமநாதபுரம் கரையில் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்று நம் கடலின் சொந்தப் பாசிகளைத் தலைமுறையாக எடுத்து வந்தவர்கள் அவர்கள். எந்தப் பாசி எந்தப் பாரில் வரும், எந்த மாசம் தொடக்கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும். சொந்தப் பாசியை அளவோடு வளர்த்துச் சாறெடுக்க முடிந்தால் நாம் கூட ரெண்டு ரூபாய் கொடுத்து வாங்கலாம்.

நம் கூட்டமைப்பின் அடுத்த செயற்குழுவுக்கு நான் வைக்கிற கோரிக்கை இது. நம் சந்தையிலும் விதைத் திருவிழாவிலும் விற்கும் கடல்பாசி உரப் பாட்டிலில் பாசியின் பெயர், எந்தக் கரையில் எடுத்தது, மிதவையிலா பாரிலா என்ற விவரம் மூன்றும் அச்சாகியிருக்க வேண்டும். இல்லாத பாட்டிலுக்கு ஸ்டால் கொடுக்கக் கூடாது, இந்தப் பத்திரிகையில் விளம்பரமும் வாங்கக் கூடாது. வருமானம் குறையும், தெரியும். கப்பாபைகஸ் சாறு தெளித்தவர்கள் விளைச்சல் கூடியதாகச் சொல்கிறார்கள், அதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் பஞ்சகவ்யமும் மீன் அமினோ கரைசலும் நம் தொட்டியிலேயே தயாராகின்றன. மீன் அமினோவுக்குக் கழிவு வாங்கும்போதும் என்ன மீன் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மத்தி, சாளை என்றால் கவலையில்லை. கூடையின் அடியில் விரலளவு வண்ண மீன்கள் கிடந்தால், அது எந்தப் பாரில் போட்ட வலை என்று விற்கிறவரிடமே விசாரியுங்கள்.